மொரினா என்று ஒரு புயல் கிடையாது

அக்டோபர் 4

இன்று எங்கள் வானிலை அலுவலகத்தில் புயல்களுக்குப் பேர் சூட்டும் கூட்டம். மத்தியானச் சாப்பாடு அலுவலகக் கணக்கில் என்று சொல்லியிருந்ததால், சுற்றறிக்கையையே படிக்காதவர்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் கடலைச் சுற்றியிருக்கும் நாடுகள் ஒவ்வொன்றும் முன்கூட்டியே சில பேர்களைக் கொடுத்து வைத்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே வரிசை. புயல் பிறந்தால் வரிசையில் அடுத்து நிற்கும் பேர் அதற்கு. நல்லதா கெட்டதா, ஆணா பெண்ணா, பொருத்தம் உண்டா, ஒன்றும் பார்ப்பதில்லை. மனுஷக் குழந்தை பிறந்து பேருக்காக மாசக்கணக்கில் இரண்டு வீட்டாரும் மல்லுக்கட்டுகிறார்கள். புயலுக்கு மட்டும் கருத்தரிக்கும் முன்பே பேர் தயார்.

பட்டியல் தீரப்போகிறது. எங்கள் பங்குக்குப் புதுப் பேர்கள் அனுப்ப வேண்டும். பொதுமக்களிடம் கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது. மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. பாதிப் பேர் மாமியார் பேரை எழுதியிருக்கிறார்கள். ஒரு புண்ணியவான் மேல் வீட்டுக்காரர் பேரை விலாசத்தோடு அனுப்பியிருக்கிறார், புயல் வழி தவறிவிடக் கூடாது என்று. ஆள் பேர் கூடாது, சாமி கூடாது, கட்சி கூடாது, எந்த நாட்டு மொழியிலும் அது வசவாக இருக்கக் கூடாது, சின்னதாக இருக்க வேண்டும், வாயில் நுழைய வேண்டும். இத்தனையும் கழித்தபின் மிஞ்சியது சில பூ, சில பறவை, ஒரு காய்கறி.

இயக்குநருக்கு அலுவலகத்தில் குடையார் என்று பேர். 'வறண்ட வானிலை' என்று தானே கையெழுத்துப் போட்ட நாளிலும் கையில் குடையோடு வருவார்.

"மென்மையா ஒரு பேர் வேணும்மா. ஜனங்க பயந்துடக் கூடாது" என்றார்.

"பயப்படறதுக்குத்தானே சார் பேரே வைக்கிறோம்" என்றேன். கூட்டக் குறிப்பில் அதைச் சேர்க்கவில்லை.

சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவனுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடிப் படகு. துறைமுகத்தில் படகுக்காரர் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கான்னு வெச்சுடு. கடலே வாயை மூடிக்கிட்டுக் கிடக்கும்."

அக்டோபர் 5

குடையார் காய்கறியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

அக்டோபர் 13

கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி.

இது எங்கள் இலாகாவின் பதவி உயர்வுப் படிக்கட்டு. முதலில் தாழ்வுப் பகுதி, அப்புறம் தாழ்வு மண்டலம், அப்புறம் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், கடைசியில்தான் புயல். காற்றின் சராசரி வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் அந்தக் கடைசிப் பதவியும் பேரும். நாங்கள் அந்த எல்லையைக் 'கோடு' என்போம். கோட்டுக்கு அரை விரல் கீழே இருந்தாலும் அது அநாமதேயம்தான்.

இந்தக் கூத்தை நம்பித் தம்பியின் சங்கம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. பேர் வைத்துவிட்டால் ஒரு படகும் இறங்கக் கூடாது, மீறினால் அபராதம். பேர் இல்லையென்றால் அவரவர் இஷ்டம். நாங்கள் விடும் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் படகை நிறுத்தினால் வருஷத்தில் பாதி நாள் கரையில்தான் உட்கார வேண்டும் என்பது அவன் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாங்கள் எதற்குத்தான் எச்சரிக்கவில்லை?

அதனால் அவன் போன் செய்தால் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "அக்கா, பேர் வெச்சாச்சா?" அவ்வளவுதான்.

இன்றும் கேட்டான். இல்லை என்றேன். வைத்துவிட்டான்.

அக்டோபர் 15

பேர் வைத்துவிட்டேன்.

குடையார் பல் பிடுங்கப் போயிருந்தார், கையெழுத்து அதிகாரம் என்னிடம். நடுக்கடலில் எங்கள் மிதவை ஒன்று நின்று காற்றை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். காலையில் அது சொன்ன கணக்கு கோட்டுக்குச் சற்றுக் கீழே. ஆனால் மேகம் சுருண்டுகொண்டு வந்தது, கடல் சூடாக இருந்தது. சாயங்காலம் படகுகள் கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் போய்விட்டால் போன் எட்டாது. அதற்குப் பிறகு பேர் வைத்து யாருக்குப் பயன்? மண்டலத்துக்குத் தகுதி வரும் முன்பே பதவி உயர்வு கொடுத்தேன்.

வரிசையில் நின்ற பேர் பிலோ. கொடுத்த நாட்டில் அதற்குக் கோழிக்குஞ்சு என்று அர்த்தமாம். என் நேரம்.

அக்டோபர் 16

கோழிக்குஞ்சு முட்டைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. ராத்திரியோடு ராத்திரியாக மேகம் கலைந்து, காலையில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். காற்றே இல்லை, ஒரு கைக்குட்டைகூட ஆடவில்லை.

அக்டோபர் 18

தம்பி நேரில் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"துறைமுகமே என்னைப் பார்த்துச் சிரிக்குது. உங்கக்கா தும்மினாக்கூடப் பேர் வெச்சிருவாங்களான்னு கேக்கறாங்க. கோழிக்குஞ்சுக்குப் பயந்து படகைக் கட்டிப் போட்ட சங்கம்னு எங்களுக்குப் பேர் ஆயிடுச்சு."

"பொழைச்சுக் கிடக்கறேல்ல, அப்புறம் என்ன?"

"எதுலேர்ந்து பொழைச்சேன்? வெயில்லேர்ந்தா?"

 டீ போட்டுக் கொடுத்தேன். கோபத்தோடேயே குடித்தான், சர்க்கரை போதவில்லை என்று வேறு சொன்னான்.

அம்மா போனபின் இவனைக் குளிப்பாட்டித் தலை துவட்டிப் பள்ளிக்கு அனுப்பினவள் நான். அப்போதும் தலையைத் துவட்டவே விடமாட்டான்.

அக்டோபர் 21

பேர் கொடுத்த நாட்டிலிருந்து ஆட்சேபம் வந்துவிட்டது. தாங்கள் அன்போடு கொடுத்த பேரை ஒரு தூறலுக்குச் செலவழித்துவிட்டோமாம். ஒரு முறை வைத்த பேர் திரும்ப வராது, அதுதான் அவர்கள் வயிற்றெரிச்சல். ஊரை அழிக்கிற புயலுக்குத் தங்கள் பேர் வந்திருந்தால் இவர்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா? கேட்கலாம் என்றுதான் நினைத்தேன்.

குடையாருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. பேசுவதற்கே வலிக்கிற நிலையில் என்னை மட்டும் திட்ட முடிந்தது.

"பேர் என்ன உங்க வீட்டுச் சொத்தாம்மா? எடுத்து எடுத்து வெக்கறதுக்கு? மிதவை சொல்லணும், நாம எழுதணும். நடுவுல உங்க மனசு எதுக்கு வருது?"

கையெழுத்து அதிகாரம் போயிற்று. இனி நான் எழுதிக் கொடுக்கலாம், தொலைபேசி எடுக்கலாம்.

இவரிடம் வந்து புலம்பினேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பூஜ்யத்துக்கும்தான் பேர் இருக்கு. அதுக்கு யாரும் சண்டை போடலையே" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன். ஆனாலும் கொஞ்சம் ஆறியது.

நவம்பர் 12

மறுபடி ஒரு தாழ்வுப் பகுதி. நான் வாயே திறக்கவில்லை.

நவம்பர் 13

மண்டலமாகிவிட்டது. தம்பி கேட்டான், இல்லை என்றேன். "இந்தத் தடவையாவது முட்டை பொரியட்டும், அப்புறம் சொல்லு" என்றான்.

நவம்பர் 14

 இன்று நடந்ததை எழுதியாக வேண்டும்.

காலையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். பத்து மணி வாக்கில் மிதவை பேசுவதை நிறுத்திவிட்டது. கடைசியாக அனுப்பிய கணக்கு கோட்டுக்குக் கீழே. அதோடு மௌனம். குடையாரிடம் ஓடினேன்.

"சார், மிதவை போயிருச்சு."

"வரும். மத்தியானத்துக்குள்ள வரும்."

"காத்து அடிச்சுக் கவுத்திருக்கும் சார். சாட்டிலைட் படத்தைப் பாருங்க, நடுவுல கண்ணு தொறக்குது."

"கண்ணு உங்களுக்குப் போன மாசமும்தான் தொறந்துச்சு. மிதவை பேசட்டும்மா. பேசினா பேர் வைப்போம்."

நீருக்குள் தலைகுப்புறக் கிடக்கிறவன் எப்படிப் பேசுவான்? அந்தப் பக்கம் போகும் சரக்குக் கப்பல் ஏதாவது காற்றை அளந்து சொல்லுமா என்று பார்த்தேன். புத்தியுள்ள கப்பல் எல்லாம் முந்தின நாளே விலகிப் போய்விட்டது. அளந்து சொல்ல அங்கே ஆள் இல்லாததால் அது புயல் இல்லை. இதுதான் எங்கள் விஞ்ஞானம்.

மூன்று மணிக்கு அறிக்கை வெளியாயிற்று. மீனவர்கள் செல்ல வேண்டாம் என்ற வழக்கமான வரி அதில் இருந்தது. அந்த வரி வருஷம் பூராவும்தான் இருக்கிறது. பேர் இல்லை.

அப்புறம் தம்பி. பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது, யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

"அக்கா, பேர் வெச்சாச்சா?"

குடையார் கண்ணாடி அறைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.  பேர் இல்லடா, ஆனா போகாதேடா என்று சொல்லலாம். சொன்னால் சிரிப்பான். போன மாசம் இதே வாய்தானே சொன்னது? அவனோடு நாற்பது படகு இறங்கும். பயமா இருந்துச்சு. நெஜமாவே பயமா இருந்துச்சு.

"வெச்சாச்சு."

"என்ன பேரு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேர் வைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவளுக்கு.

பட்டியலில் அடுத்த பேர் எனக்கு மனப்பாடம். தெலான். அதைச் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வாய் வரவில்லை. கோட்டைத் தொடாத காற்றுக்கு இன்னொரு நாட்டுப் பேரை இரண்டாம் தடவையும் எடுத்துக் கொடுப்பதா? இத்தனை வருஷ வேலைப் பழக்கம். கூடப் பிறந்தவனிடம் பொய் சொல்லலாம், வரிசையைக் கலைக்க முடியாது. இப்படியும் ஒரு ஜென்மம்.

மேஜை துடைக்க வந்த ஆயா என் முன்னால் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தாள். தரை துடைக்கும் திரவம். பச்சை நிறம், மேலே பெரிய எழுத்தில் அதன் பேர்.

"மொரினா" என்றேன்.

"மொரினா. நல்லாத்தான் இருக்கு, ஒரு கெத்தா" என்றான். "டேய், எஞ்சினை அணைங்கடா. பேர் வெச்சுட்டாங்க."

அடுத்த நிமிஷம் சங்கத்து ஒலிபெருக்கி போனிலேயே எனக்குக் கேட்டது. மொரினா புயல், மொரினா புயல், யாரும் இறங்க வேண்டாம். ஒரு பாட்டிலைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். "பேர்ல எட்டு எழுத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொல்லுவியே. இது சரியாத்தான் இருக்கு" என்றார்.

நவம்பர் 15

விடியற்காலையில் குடையார் பேர் வைத்தார். தெலான். மிதவை பேசியதால் இல்லை, அது இனிமேல் பேசாது. தீவு ஒன்றில் இருந்த கலங்கரை விளக்கத்துக் காற்றுமானி கோட்டைத் தாண்டிக் காட்டிவிட்டு, அதுவும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. நேற்றுக் கிளம்பியிருந்தால் தம்பி அந்தத் தீவுக்குப் பக்கத்தில் இருந்திருப்பான்.

பக்கத்துத் துறைமுகத்தில் பேர் வைக்கவில்லை என்று இரண்டு படகு போயிருக்கிறது.

நவம்பர் 16

கரை கடக்கிறது. ஜன்னல் கண்ணாடி போய்விட்டது, கதவுக்கு அலமாரியை முட்டுக் கொடுத்திருக்கிறோம். தம்பி போன் எடுக்கவில்லை.

நவம்பர் 17

எடுத்தான். வலைக் கொட்டகை போய்விட்டது, படகில் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. அவன் இருக்கிறான். திட்டுகிறான். எல்லாரையும் திட்டுகிறான், கடலைத் திட்டுகிறான். கேட்கக் கேட்க இனித்தது.

அந்த இரண்டு படகும் வரவில்லை.

 தம்பி கேட்டான், அவனுக்குப் பொய் சொன்னேன். கேட்காதவர்களுக்கு ஏன் சொல்லவில்லை? சொல்வதுதான் சொல்கிறாய், எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அவங்களுக்கு அக்கா இல்லைன்னா அது அவங்க தப்பா?

நவம்பர் 18

சரக்குக் கப்பல் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறதாம். படகு இரண்டும் போயிற்று. ஆள் அத்தனை பேரும் உயிரோடு. அலுவலகக் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

நவம்பர் 20

வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கிறது. தம்பியின் துறைமுகத்தில் மட்டும் இன்னும் ஒரு படகும் இறங்கவில்லை. என்னவென்று கேட்டேன்.

"தெலான் வந்துட்டுப் போயிடுச்சு. மொரினா இன்னும் வரலையே."

இரண்டு புயல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர், அப்போ இரண்டு புயல். தப்பே சொல்ல முடியாது. முதலில் வந்ததே இப்படி என்றால் பின்னால் வருவது எப்படி இருக்குமோ என்று நாற்பது படகும் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெயிலில் காத்திருக்கின்றன.

"அது... கலைஞ்சு போச்சுடா" என்றேன்.

"எப்ப?"

"இப்பதான்."

நவம்பர் 21

அதற்குள் விஷயம் பத்திரிகைக்குப் போய்விட்டது. ஒரு நிருபர் குடையாருக்கே போன் செய்து, மொரினா தற்போது எங்கே நிலை கொண்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். குடையார் பட்டியலை மேலிருந்து கீழ் பார்த்து, கீழிருந்து மேல் பார்த்து, பிறகு கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்த நாட்டுப் பேரும்மா அது?"

சொன்னேன். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. சிரிப்பாகக்கூட இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல மாட்டேன். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாற்பது படகும் கடல்ல இறங்காமப் பொழைச்சிருக்கு. அதனால உங்களை வேலையை விட்டு அனுப்ப மனசு வரலை. பட்டியலைத் தாண்டிட்டீங்க. அதனால இங்கேயும் வெச்சுக்க முடியாது."

மழைமானிப் பிரிவுக்கு மாற்றல். கீழ்த்தளம். எந்த ஊரில் எவ்வளவு மழை பெய்து முடிந்தது என்று எழுதுவது. நடந்து முடிந்ததை மட்டும் எழுதினால் போதும் என்பதால் அங்கே தப்புச் செய்ய வழியில்லை என்று நினைத்திருப்பார்.

நவம்பர் 24

தம்பி பெண்டாட்டி கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே மொரினா என்று எழுதிய பாட்டிலை வாங்கி வந்து தம்பி முன்னால் வைத்திருக்கிறாள். வைத்துவிட்டுச் சிரித்தாளாம்.

அவன் எனக்குப் போன் செய்தான்.

"தரை துடைக்கற தண்ணி."

"ஆமா."

"மூணு நாள் வெயில்ல உக்காந்திருந்தோம். தரை துடைக்கற தண்ணிக்கு."

"ஆமாடா."

"எங்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா?"

"நின்னிருப்பியா?"

 போனை வைத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் பதில் இல்லாமல் அவன் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. ஜெயித்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை.

நவம்பர் 30

இன்றும் போன் இல்லை. நானும் செய்யவில்லை. ரோஷம் குடும்பச் சொத்து.

டிசம்பர் 3

மழைமானிப் பிரிவு. என்னோடு இருப்பவருக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு மாசம். சூரியன் ஜன்னலுக்கு வந்ததும் தூங்கிவிடுவார். இன்று எங்கேயும் மழை இல்லை. அதை எழுதினேன்.

டிசம்பர் 10

மாடியில் ஓட்டமும் நடையுமாகச் சத்தம். ஒரு மண்டலம் வளர்கிறதாம். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. மாடிப்படியில் ஒட்டியிருக்கும் அறிக்கையை, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி நின்று படித்தேன். ஆழ்ந்த தாழ்வு மண்டலம். பேர் இல்லை. படத்தைப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்கு இலாகாவில் எந்தப் படிவமும் கிடையாது. போன மாசத்துக்கு முந்தின மாசமும் இப்படித்தான் பிடிக்காமல் இருந்தது, வெயில் அடித்தது. இன்றைக்கும் அப்படி ஆகலாம்.

மூன்று மணிக்கு என் கைப்பேசி அடித்தது. தம்பி. பதினைந்து நாளுக்கு மேல் பேசாதவன். பின்னால் எஞ்சின் சத்தம்.

"அக்கா. இறங்கலாமா?"

"வேண்டாம்டா. ஆனா இன்னும்..."

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். வந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இந்த முறை பொய் சொல்ல மாட்டேன் என்று மட்டும் தெரிந்தது. மேஜையில் ஒன்றும் இல்லை, ஒரு பேனாவும் மழைக் கணக்கும்தான்.

அவன் போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்தான் போல. குரல் தூரத்தில் கேட்டது.

"எஞ்சினை அணைங்கடா. இன்னிக்கு யாரும் இறங்கலை."

யாரோ பேர் என்னவென்று கேட்டார்கள்.

"அதெல்லாம் இல்லை. எங்கக்கா சொல்லிருச்சு."

எஞ்சின் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது.  போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்ப வந்தான்.

"சாப்டியா?"

இன்னும் இல்லை என்றேன்.

"மணி மூணு ஆச்சு. போய்ச் சாப்பிடு."